ஓரெழுத்துக்கும் போதாத கோபம்

முன்னொரு காலத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டை ஆண்ட மன்னனுக்கு விசித்திரமான ஆசை ஒன்று வந்தது. சபையோர் வீட்டு வாசல்தோறும் அவரவர் குணத்தைக் கல்லில் செதுக்கி நட வேண்டும். கல்லில் கோபக்காரன் என்றிருந்தால் அவன் மறுபடி சபைக்கு வரக்கூடாது.

அமைச்சர் மேகராயருக்கு இது வசதியாகப் போயிற்று. மறுநாளே, மன்னனுக்குப் பிரியமான விகடகவி நல்லாண்டியின் தலைப்பாகைக்குள் செவ்வெறும்புகளை விடச் செய்தார். நல்லாண்டி தலைப்பாகையை வீசியெறிந்து, சபை நடுவே வாய்க்கு வந்தபடி ஏசினான்.

"பிரபு, குணம் வெளியே வந்துவிட்டது. கோபக்காரன் என்று செதுக்க உத்தரவிடுங்கள்," என்றார் மேகராயர்.

மன்னன் தலையசைத்தான். சபையை விட்டால் நல்லாண்டிக்கு வேறு பிழைப்பு இல்லை.

"அப்படியே ஆகட்டும், அரசே. ஆனால் முகத்தில் கோபம் தெரியும் வரை உளி விழட்டும், மறைந்தால் நிற்கட்டும். இல்லாததைக் கல்லில் வெட்டினால் தங்கள் கல்லே பொய் சொல்லும். அமைச்சருக்கும் இப்படியே, முகத்தில் கண்டதைச் செதுக்கலாம்," என்றான் அவன்.

"எனக்கென்ன பயம்?" என்றார் மேகராயர்.

கல்தச்சர் இருவர், நல்லாண்டி எதிரே ஒருவர், அமைச்சர் எதிரே ஒருவர் என உட்கார்ந்தார்கள். நல்லாண்டியின் கல்லில் ஒரு கோடு விழுவதற்குள் எறும்புக்கடி ஆறிவிட்டது. கோபமும் போய்விட்டது. தச்சர் உளியைக் கீழே வைத்தார்.

"உன் பாட்டைக் கேட்டால் கழுதைகூட வெட்கப்படும்," என்று சீண்டினார் மேகராயர்.

"அதனால்தான் சுவாமி, கழுதைகள் என்னிடம் பாட்டுக் கற்க வருவதில்லை. தங்களிடம் வருகின்றனவாமே?"

மன்னன் சிரித்து, தன் தட்டிலிருந்து அவனுக்கு வெற்றிலை எடுத்துக் கொடுத்தான். எதிர்ப்பக்கம் மேகராயரின் முகம் சுருங்க, உளி டக், டக் என்றது. மன்னன் நல்லாண்டி வீட்டாரின் நலம் விசாரித்தான். மறுபடி டக், டக். உச்சிவேளைக்குள் மேகராயரின் கல் முடிந்துவிட்டது. 'பொறாமைக்காரர்' என்றிருந்தது அதில்.

"இவன் கோபம் ஓரெழுத்துக்குக்கூடத் தாங்கவில்லை. உமது பொறாமைக்கோ கல்லில் இடமே போதவில்லை," என்றான் மன்னன். "எறும்பு எங்கிருந்து வந்ததென்றும் இப்போது புரிகிறது."

மேகராயர் தலைகுனிந்தார். கல் நடும் உத்தரவை மன்னன் அப்போதே விலக்கிக்கொண்டான்.

"நல்லாண்டி, உனக்கு என்ன வேண்டும்?"

"என் கல்லே போதும், அரசே. வீட்டில் துணி துவைக்கக் கல் இல்லை."

"அமைச்சர் கல்லையும் எடுத்துக்கொள்."

"வேண்டாம் அரசே. அதில் துவைத்தால் துணி கிழிந்துவிடும்."

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கல்லை வண்டியில் ஏற்றச் சொல்லி, அதில் துவைக்க நான்கு பட்டு வேட்டிகளும் கொடுத்தனுப்பினான்.