முக்காலை விழுங்கிய கணினி

கோவில்பட்டிக்காரி செண்பகவல்லிக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்த வேலையாக இருந்தாலும் தெரியாதவள் போலத்தான் தொடங்குவாள். அந்தப் பழக்கம் அவளை ஒரு வழக்கில் கொண்டுபோய் நிறுத்தியது. தீர்ப்பு உங்கள் கையில்.

பார்வையற்ற மாணவர்களுக்குக் கேள்வித்தாளைத் தமிழில் வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், காசு கிடையாது. தொடங்கியவர் நாகர்கோவில் தேவசகாயம். அன்றிலிருந்தே அவருக்குத் துணை காயல்பட்டினத்து மைதீன். செண்பகவல்லி அண்மையில் வந்து சேர்ந்தவள். சோதனைகள் அனைத்தும் தேறி, மூவரும் சம்மதித்தால்தான் புதிய பதிப்பு வெளியே போகும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

கணிதத் தேர்வு நெருங்கியது. சில பள்ளிகளுக்குப் புதுக் கணினிகள் வந்து, பெட்டி பிரிக்காமல் காத்திருந்தன. வெள்ளிக்கிழமை மாலைக்குள் புதிய பதிப்பை அனுப்புவதாக அந்தப் பள்ளிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் தேவசகாயம்.

வெள்ளி காலை செண்பகவல்லி தன் மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் அழித்தாள். தேவசகாயம் எழுதிய வழிகாட்டியை முதல் வரியிலிருந்து படித்து, அதில் சொன்னதை மட்டும் செய்து, மென்பொருளை நிறுவிச் சோதனைகளை ஓட்டினாள். எல்லாம் தேறின, ஒன்றைத் தவிர. பின்னங்களை வாசிக்கும் சோதனை அது. 'முக்கால் லிட்டர் பால்' என்று வாசிக்க வேண்டிய கணினி, 'லிட்டர் பால்' என்றது. திக்கவில்லை, திணறவில்லை, முக்காலை விழுங்கிவிட்டு மேலே போயிற்று. கேட்கிற பிள்ளைக்கு ஒன்று விடுபட்டதே தெரியாது.

இருவரையும் தொலைபேசியில் அழைத்தாள். தேவசகாயம் தன் கணினியில் ஓட்டினார், தேறியது. மைதீனுக்கும் தேறியது.

"ரெண்டு பேருக்கு ஓடுது, ஒருத்திக்கு ஓடலை. கோளாறு எங்கே இருக்கும்னு நீயே சொல்லு மக்களே," என்றார் தேவசகாயம், சின்னவர்களை நாகர்கோவிலில் கூப்பிடும் வழக்கப்படி. கொடுத்த வாக்குத் தவறக் கூடாது, மாலையே அனுப்பிவிடலாம் என்பது அவர் கட்சி.

மைதீன் துருவிப் பார்த்தார். பின்னங்களின் உச்சரிப்பு அடங்கிய கோப்பு ஒன்று, பழைய பதிப்போடு என்றோ வந்தது, அவர் கணினியில் கிடந்தது. தேவசகாயத்தின் கணினியிலும் கிடந்தது. அதைச் செண்பகவல்லிக்கு அனுப்பினார். அவள் அதைப் போட்டு ஓட்டியதும் முக்கால் கணீரென்று வந்தது. மூன்று கணினியிலும் தேறியாயிற்று, ஒப்பந்தப்படி இனித் தடையில்லை என்றார் மைதீன்.

செண்பகவல்லி அந்தக் கோப்பை அழித்தாள்.

"நான் சம்மதிக்க மாட்டேண்ணே. என் கணினியில ஒரு கோளாறும் இல்லை. இருக்கிறபடி இதை அனுப்பக் கூடாது."

நாள் தவறினால் பள்ளிகள் இனி நம்மை நம்பாது என்று தேவசகாயம் வாதாடினார். அவள் குரல் உயரவில்லை. இறங்கி வரவும் இல்லை.

ஒருவர் வாக்கைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டார், இரண்டுக்கும் குறுக்கே புதியவள் நின்றாள். சொல்லுங்கள், இந்த மூவரில் நியாயம் யார் பக்கம்?

விடை: செண்பகவல்லியின் பக்கம். பள்ளிகளில் பெட்டிக்குள் இருப்பவை, அவள் துடைத்து வைத்ததைப் போன்ற வெறுங்கணினிகள். பழைய கோப்பு அவற்றில் ஏது? தேவசகாயமும் மைதீனும் அதே பழைய கோப்பை வைத்துக்கொண்டு சொன்னதால், இரண்டு பேர் சொன்னாலும் அது ஒரே சாட்சிதான். மைதீன் நோயைச் சரியாகக் கண்டார். மருந்தை ஒரு கணினிக்கு மட்டும் கொடுத்தார். பள்ளிகள் வாக்கு வாங்கியதோ, கணக்கைத் தவறாமல் வாசிக்கும் மென்பொருளுக்கு. மைதீன் அந்தக் கோப்பை மென்பொருளுக்குள்ளேயே சேர்த்தார். செண்பகவல்லி மறுபடி எல்லாவற்றையும் அழித்து, மறுபடி முதலிலிருந்து நிறுவி ஓட்டினாள், அத்தனையும் தேறின. ஒரு நாள் தாமதமாகப் பதிப்பு போயிற்று. ஏன் தாமதம் என்று பள்ளிகளுக்குத் தேவசகாயமே அழைத்துச் சொன்னார். பிறகு தன் கணினியையும் துடைத்துவிட்டு, தான் எழுதிய வழிகாட்டியைத் தானே படித்து நிறுவ உட்கார்ந்தார். பாதியில் புரியாமல் போய், செண்பகவல்லியைத்தான் கூப்பிட்டார்.