எதிர் நாற்காலியில் ஆப்சென்ட்

சிஷ்யருக்கு வயது ஐம்பது, குருவுக்கு முப்பத்திரண்டு. பீளமேட்டில் இருந்த அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் யாருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை. நடுத்தரக் கம்பெனிகளின் வருகை, லீவு, சம்பளம் எல்லாவற்றையும் இணையத்திலேயே பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் அவர்களுடையது. மில் மூடியதால் டைம் கீப்பர் வேலையை இழந்து வந்த வெள்ளியங்கிரிக்கு அதை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொடுத்தவர் மதிவதனி.

வெள்ளியங்கிரிக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். இந்த வாரக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும். மதிவதனி ஒப்புதல் கொடுக்காவிட்டால் சிஸ்டமே அவர் பெயரை எடுத்துவிடும். இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான் என்ற பயம் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

ஏதாவது பெரிதாகச் செய்து காட்ட நினைத்தார். சொல்லாமல் வேலைக்கு வராதவர்களுக்கு, பணியைக் கைவிட்டதாக சிஸ்டம் கடிதம் அனுப்பும். ஆனால் அதற்கு முன் மேனேஜர் அந்த ஆளிடம் பேசி, அவர் என்ன சொன்னார் என்று எழுதவேண்டும். எழுதாவிட்டால் கடிதம் நகராது. அப்படி வைத்தது மதிவதனி.

"யாருங்க ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டுட்டு உக்காந்திருக்கிறது?" என்று அவர்களுடைய வாடிக்கையாளரான பம்ப்செட் கம்பெனி மேனேஜர் சலித்துக்கொண்டார். அது போதுமே. வெள்ளியங்கிரி அந்தப் படியைத் தூக்கிவிட்டார். இனி தொடர்ந்து வராவிட்டால் கடிதம் தானே போகும், சிஸ்டத்தில் அந்த ஆளின் கணக்கும் தானே மூடிக்கொள்ளும்.

"ஆளு வந்தாரா இல்லையான்னு சிஸ்டத்துக்கே தெரியுது மேடம். நடுவுல மனுசன் எதுக்குங்க?" என்று கேட்டார்.

மதிவதனி திரையில் அந்த மாற்றத்தைப் படித்துப் பார்த்தார்.

"வழக்கம்போல முதல்ல நம்ம ஆபீஸ்லயே ஓட்டிப் பாருங்க சார்" என்றார்.

வாசல் மெஷினில் எல்லோரும் விரல் வைத்துவிட்டு வந்தார்கள். இப்படி ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் எப்படிச் சோதிப்பது என்று வெள்ளியங்கிரிக்கு எரிச்சலாக வந்தது. மறுநாள் திரையில், வராதவர் என்று ஒரே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பக்கத்தில் பெயர் இல்லை, ஊழியர் எண் மட்டும். அடுத்த நாளும் அதே எண் சிவப்பு.

யாரோ புண்ணியவான் மட்டம் போடுகிறார் என்று அவருக்குக் குஷியாகிவிட்டது. யார் என்று பார்க்கத் தோன்றவில்லை. தடுப்புக்கு மேலாக எதிர் நாற்காலியிலிருந்து ஒரு கை முறுக்குப் பாக்கெட்டை நீட்டியது. ஒன்றை எடுத்துக் கடித்தபடியே, சிவப்பு அப்படியே இருக்கிறதா என்று மறுபடி பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிதம் போயிற்று. வெள்ளியங்கிரி துள்ளி எழுந்தார். அதே நேரம் எதிர் நாற்காலியில் ஒரு செல்போன் 'டிங்' என்றது.

கையோடு தன் நிரந்தர வேலைக்கான ஒப்புதலைக் கேட்டு விண்ணப்பத்தை அனுப்பினார். அது உடனே திரும்பி வந்தது. ஒப்புதல் தரவேண்டியவர் பணியைக் கைவிட்டுவிட்டார், கணக்கு மூடப்பட்டது என்று இருந்தது.

தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். மதிவதனி முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"மேடம், என்னோட கன்ஃபர்மேஷன்..."

"கொடுக்கணும்னுதான் சார் எனக்கும் ஆசை. ஆனா நான் வேலைய விட்டு ஓடிட்டேனாமே."

"இங்கதானுங்களே உக்காந்திருக்கீங்க!"

"அதை உங்க சிஸ்டத்துக்கிட்டச் சொல்லுங்க."

மதிவதனி போனை நீட்டினார். வெள்ளியங்கிரி தான் அனுப்பவைத்த கடிதத்தைத் தானே படித்தார். விளக்கம் இருந்தால் உங்கள் கணக்கின் வழியாக அனுப்பவும் என்று முடிந்திருந்தது. கணக்கைத் திறக்கப் பார்த்தார். மூடியது மூடியதுதான்.

"இதுக்குப் பதில் எப்படீங்க எழுதறது?"

"அதைத்தான் நானும் தேடிட்டிருக்கேன்."

அவர் இரண்டு தடவை உட்கார்ந்தார், இரண்டு தடவை எழுந்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. பம்ப்செட் கம்பெனி மேனேஜர்.

"என்னங்க, இன்னைக்கு எங்களுக்குப் போட்டு உட்டுருவீங்களா? லேத்துல ஒருத்தன் இந்த வாரம் பூராவும் ஆளைக் காணோம். மொத லெட்டர் அவனுக்குத்தான்."

வழக்கமாக என்றால், "உடனே போட்டர்லாமுங்க" என்று சொல்லியிருப்பார். இப்போது வேறு கேள்வி வந்தது.

"அவரு ஏனுங்க வரலை?" என்று கேட்டார்.

"அது யாருக்குத் தெரியும்? அந்த வம்பே வேண்டாம்னுதானே உங்க சாஃப்ட்வேர் வாங்குனது."

வெள்ளியங்கிரி போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். அந்த லேத் ஆள் எப்படி இருப்பார் என்றுகூட அவருக்குத் தெரியாது. கால் ஆடுவது நின்றிருந்தது. தடுப்பைச் சுற்றி நடந்து மதிவதனியின் முன்னால் போய் நின்றார்.

"மேடம்... நீங்க ஏனுங்க இத்தனை நாளா விரல் வைக்கல?"

மதிவதனி முறுக்குப் பாக்கெட்டை மடித்து வைத்தார்.

"எதிர்லயே உக்காந்திருக்கிற என்னைக் கேக்கறதுக்கே உங்களுக்கு வெள்ளிக்கிழமை ஆயிருச்சு சார்."