பாகற்காய்த் தட்டைக்கு விழுந்த ஓலை

தாமரைக்கோட்டை எங்கே இருக்கிறது என்று தேடிப் போகாதீர்கள். இந்தக் கதைக்குள் இருக்கிறது, அது போதும். அதை ஆண்ட வீரகேசவ ராயர் நல்ல மனுஷர்தான். ஆனால் எதையாவது புதுசாகச் செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ராயர் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் அரண்மனையில் விசேஷத் தட்டை போடுவார்கள். மூன்றே நாள்தான் கிடைக்கும். நாலாம் நாள் காலில் விழுந்தாலும் கிடைக்காது. கிடைக்காது என்பதற்காகவே ஊர் அதற்கு அடித்துக்கொள்ளும். போடுகிறவள் மடைப்பள்ளித் தலைவி செங்கமலம். கைமணமும் உண்டு, வாய்த்துடுக்கும் உண்டு.

அந்த வருஷம் ராயருக்கு ஒரு யோசனை வந்தது.

"என்ன ருசி என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? மக்களே சொல்லட்டும். வீட்டுக்கு ஓர் ஓலை!"

கடைவீதியில் நாலு குடம் வைத்தார்கள். மிளகுக்கு ஒன்று, பூண்டுக்கு ஒன்று, கறிவேப்பிலைக்கு ஒன்று. நாலாவது குடம் பாகற்காய்க்கு. அந்த அருமையான யோசனையைச் சொன்னவர் சேஷப்பர். அரண்மனை உக்கிராணத்துக்கு, அதாவது சாமான் கிடங்குக்கு, அவர்தான் அதிகாரி. செங்கமலத்தைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க நாலு வருஷமாக அலைந்துகொண்டிருந்தவர்.

ஊர் ஓலை போட்டது. எண்ணுவதற்கு முன்னால் குடங்கள் ஒரு நாள் முழுக்க எங்கே இருந்தன தெரியுமா? சேஷப்பரின் கிடங்கில். அப்புறம் கேட்பானேன்! மூன்று குடத்திலும் இருபது இருபது ஓலை. பாகற்காய்க் குடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது.

ராயர் பூரித்துப்போனார். "உடம்புக்கு எது நல்லது என்று என் ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது, பார்த்தீரா!"

"மக்கள் ஆசைப்பட்டுக் கேட்ட பண்டம், மகாராஜா," என்று குழைந்தார் சேஷப்பர். "அது மீந்துபோனால் போட்ட கையில்தான் கோளாறு."

"வாஸ்தவம்தான். செங்கமலம், மூன்றாம் நாள் சாயங்காலம் தட்டை மிச்சம் இருந்தால் கரண்டியைச் சேஷப்பர் மைத்துனரிடம் கொடுத்துவிட்டு நீ கிளம்பலாம்."

செங்கமலம் மடைப்பள்ளிக்குத் திரும்பினாள். பதினாறு வருஷம் நின்ற அடுப்பு. அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. சரி, உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்தாவது கசப்பைக் குறைக்கலாம் என்று பார்த்தாள். சேஷப்பர் வந்து தலைக்கு மேலே நின்றுகொண்டார்.

"கசப்பை எடுக்கிறாயா? மக்கள் தீர்ப்பைப் பிழிந்து கீழே ஊற்றுகிறாயே, அம்மா!"

முதல் தட்டை ராயருக்குப் போனது. கடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. மக்கள் கேட்டதாயிற்றே, துப்பலாமா? விழுங்கிவிட்டு, சபை முழுக்கக் கேட்கும்படி "அபாரம்!" என்றார். இரண்டாவது தட்டையை நீட்டினார்கள். "வேண்டாம், வேண்டாம், அது ஜனங்களுக்குச் சேர வேண்டியது," என்று பெருந்தன்மையோடு கையை இழுத்துக்கொண்டார்.

ஜனங்களுக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. முதல் நாள் வந்தவர்கள் மறுநாள் வரவில்லை. வந்த கொஞ்ச நஞ்சம் பேரும் கடித்த கையோடு ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "நான் மிளகுக்குத்தான் போட்டேன். எந்தப் படுபாவி இதுக்குப் போட்டான்?" சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனை முறைத்தார்கள். அவனும் இவனை முறைத்தான். இதையே நூறு வாயில் கேட்டபிறகு செங்கமலத்துக்குப் பளிச்சென்று ஒன்று பிடிபட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சபை கூடியது. ஊரும் வந்திருந்தது. கூடை கூடையாகத் தட்டை. சேஷப்பரின் மைத்துனன் கரண்டி வாங்கப் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றான்.

"மகாராஜா, ஒரே ஒரு விண்ணப்பம்," என்றாள் செங்கமலம். "கேட்காதவங்க வாயிலே திணிச்சா எப்படித் தீரும்? பாகற்காய்க்கு ஓலை போட்டவங்க மட்டும் முன்னாலே வரட்டும். ஓலைக்கு நாலு தட்டை. உங்க எதிரிலேயே சாப்பிடட்டும்."

"நியாயம்தான். அப்படியே ஆகட்டும்!"

சபை மொத்தமும் ஓரடி பின்னால் போனது.

"நான் பூண்டு, சாமி!"

"நான் கறிவேப்பிலைங்க, என் பிள்ளை மேலே சத்தியம்!"

ராயர் முகம் சுருங்கியது. "ஆயிரத்து நூற்று நாற்பது ஓலை. ஒருத்தர்கூடவா போடவில்லை? பின்னே யார் போட்டது? குடம் எங்கே இருந்தது?"

சேஷப்பருக்கு வேர்த்துக் கொட்டியது. விசாரணை என்று வந்தால் தலை தப்பாது. துள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் போட்டேன், மகாராஜா! பாகற்காய் என்றால் எனக்கு உயிர்!"

"அப்பாடா! ஆசைப்பட்டவர் ஒருத்தராவது கிடைச்சாரே. உட்காருங்க ஐயா," என்று செங்கமலம் இலையைப் போட்டு நாலு தட்டையை வைத்தாள்.

சேஷப்பர் தின்றார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"எப்படி ஐயா இருக்கு?"

நன்றாக இல்லை, இவள் கை சரியில்லை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் "அபாரம்" என்று சபையறியச் சொன்னவர் எதிரே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறாரே!

"அ... அபாரம்."

"அபாரமாம்! பிடிச்சிருந்தா கூச்சப்படாம சாப்பிடுங்க," என்று இன்னும் நாலு வைத்தாள். அப்புறம் இன்னும் நாலு. பன்னிரண்டாவது தட்டையைக் கையில் எடுத்த சேஷப்பர், அதைப் பார்த்துவிட்டு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மன்னிச்சிடுங்க, மகாராஜா! ஓலையை மாற்றினது நான்தான். அத்தனையும் நானே அள்ளிப் போட்டது!"

ராயர் குதித்தெழுந்தார். தம் கைக்காப்பைக் கழற்றிச் செங்கமலத்திடம் கொடுத்தார். "கரண்டி உன்னுடையது. உயிர் உள்ளவரை உன்னுடையது! யாரங்கே? இந்த ஆளை இழுத்துப் போய்ச் சிறையில் தள்ளுங்கள்!"

செங்கமலம் காப்பைப் போட்டுக்கொண்டு பதறிப்போய்க் கும்பிட்டாள்.

"ஐயோ, பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியிலே எழுப்பலாமா, மகாராஜா? ஓலைக்கு நாலு தட்டைன்னு நீங்களே வாக்குக் கொடுத்தீங்க. ஆயிரத்து நூற்று நாற்பது ஓலை போட்டாலும் அவருக்கு வாய் ஒண்ணுதானே! அவசரப்படுத்தாதீங்க. அடுத்த பிறந்தநாள் வரைக்கும் உட்கார்ந்து நிதானமா சாப்பிடட்டும்!"

ராயர் சிரித்த சிரிப்பில், மூன்று நாளாகத் தொண்டையில் நின்ற கசப்பு ஒருவழியாக இறங்கியது.