மேற்குக் கரையில் ஆறு பன்றிகள்

வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு காட்டில் சிலுப்பி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது, குழந்தைகளே. வாய் கொஞ்சம் நீளம். யார் என்ன சொன்னாலும் முதலில் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு "ஏன்?" என்று கேட்கும். அதன் வளையில் மூன்று குட்டிகள். நான்காவது குட்டியை மாசி மாதத்தில் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்தக் காட்டுக்கு ஆறு காட்டுப்பன்றிகள் காவல். எல்லையைச் சுற்றி வரவே அவற்றுக்குப் பொழுது சரியாக இருக்கும். இரை தேட நேரம் ஏது? அதனால் ஒவ்வொரு குடும்பமும் தான் தேடியதில் பத்தில் ஒரு பங்கைக் காவலுக்குக் கொடுத்துவந்தது.

ஒருநாள் மந்திரி நரி மரத்தடியில் நின்று கூவியது.

"நாளை முதல் பத்தில் இரண்டு பங்கு! இன்னும் நாலு பன்றிகளைக் காவலுக்குச் சேர்க்கப் போகிறோம். தராதவர்கள் வளையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பலாம்!"

"யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?" என்றது சிலுப்பி.

"தலைவர் கரடியாரைக் கேட்டு."

"என் குட்டிகளுக்குக் கரடியாரா கிழங்கு தோண்டுகிறார்?"

மான்கள் தலையைக் குனிந்துகொண்டன. முயல் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிலுப்பி நேரே கரடியின் குகைக்குப் போனது.

கரடி தேனடையை நக்கிக்கொண்டிருந்தது. "உங்களைக் கேட்டால் எவன் தருவேன் என்பான்? எல்லாரும் மாட்டேன் என்பீர்கள்" என்றது.

"கேட்டுப் பார்த்தீர்களா?"

"கேட்காமலே தெரியும்."

"அப்படியானால் எனக்கும் ஒன்று தெரியும். மடுவில் எங்களைக் கேட்கும் வரை என் வளையிலிருந்து ஒரு கிழங்குத் தோல்கூட வராது."

"வளை போய்விடும், ஞாபகம் இருக்கட்டும்!"

"போகட்டும்" என்றது சிலுப்பி. வளை போனால் மூன்று குட்டிகளும் வெட்டவெளியில் கிடக்க வேண்டும். சிறுத்தைக்கு அதுதானே வேண்டும்? ஆனாலும் சொன்ன சொல்லிலிருந்து அது இறங்கவில்லை.

மடு என்று சிலுப்பி சொன்னது அந்தக் காட்டின் பழைய வழக்கத்தை. பொதுக் காரியம் எதுவானாலும் முடிவு மடுவில்தான். கூட்டம் கூடும் நாளன்று காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. எல்லாரும் கூடியதும், சம்மதம் என்பவர்கள் கிழக்குக் கரையில் இறங்கிக் குடிப்பார்கள். சம்மதமில்லை என்பவர்கள் மேற்குக் கரையில் இறங்கிக் குடிப்பார்கள். எந்தக் கரையில் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கமே முடிவு. கடைசி உயிர் குடித்து முடித்த பிறகுதான் தலைவர் குடிக்க வேண்டும்.

வழக்கத்தைக் காட்டிக் கேட்டால் எந்தத் தலைவரால் மறுக்க முடியும்? கரடி முகத்தைச் சுளித்தது. நரி அதன் காதைக் கடித்தது. "கூட்டத்தைக் கூட்டுங்கள் ஐயா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் உச்சி வெயிலில் எல்லாரும் மடுவுக்கு வந்து பார்த்தால், மேற்குக் கரையில் ஆறு பன்றிகள்! வரிசையாக நின்று பாறையில் கோரைப்பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தன.

"இது எதற்கு?" என்று கேட்டது சிலுப்பி.

"சிறுத்தை நடமாட்டமாம். எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்று இளித்தது நரி.

"சிறுத்தைக்கு மேற்குக் கரை மட்டும்தான் வழி தெரியுமா?"

நரி காதில் விழாததுபோல் வானத்தைப் பார்த்தது.

"சிலுப்பி அக்கா, என் கால் தன்னால் கிழக்கே போகிறதே!" என்று முனகியது முயல்.

"கிழக்கே போக நினைத்தால் தாராளமாகப் போ. பல்லுக்குப் பயந்து போகாதே" என்றது சிலுப்பி. பிறகு இரண்டு கரைக்கும் வழி பிரியும் இடத்தில் சட்டமாக உட்கார்ந்தது. முள்ளெல்லாம் விறைத்து நின்றன.

"பன்றிகள் விலகும் வரை நான் எந்தக் கரையிலும் குடிக்க மாட்டேன்!"

முயல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தன. பிறகு குரங்குகள், அணில்கள், மயில்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. மடு நிறையத் தண்ணீர் கிடக்க, குடிக்க ஒருவரும் இல்லை.

"தாகத்தில் சாகப் போகிறீர்கள்!" என்று கத்தியது நரி.

"செத்தால் பங்கை யாரிடம் வாங்குவீர்கள்?" என்றது சிலுப்பி. அதன் நாக்கும் உலர்ந்துதான் போயிருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

எல்லாரையும்விட அவதிப்பட்டது கரடிதான். காலையில் ஒரு முழுத் தேனடையைத் தின்றிருந்தது. தொண்டை ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் குடிக்காமல் அது குடிக்க முடியாதே! நின்றது, நெளிந்தது, தண்ணீரைப் பார்த்தது, நரியைப் பார்த்தது.

"விலகுங்கள்!" என்று கடைசியில் பன்றிகளைப் பார்த்து உறுமியது. "இந்த யோசனை சொன்ன மந்திரியையும் கூட்டிக்கொண்டு போங்கள்!"

"விட்டால் போதும் ஐயா. முயலை மிரட்டவா நாங்கள் காவலுக்கு வந்தோம்?" என்றது பன்றிகளின் தலைவன். ஆறும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நரியோடு போய்விட்டன.

சிலுப்பி எழுந்தது. முயலும் எழுந்தது.

"என் வீட்டில் ஒன்பது வாய். இரண்டு பங்கு எனக்குக் கட்டாது" என்று சொல்லிவிட்டு, முயல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேற்குக் கரைக்குப் போய்க் குடித்தது. யாரும் அதை ஒன்றும் சொல்லவில்லை. மான்களில் பாதி அங்கே போயின. மற்றவை கிழக்கே இறங்கின.

சிலுப்பியும் கிழக்கே இறங்கியது. கரடி வாயைப் பிளந்தது.

எண்ணிப் பார்த்தபோது கிழக்கில்தான் கூட்டம் அதிகம். பத்தில் இரண்டு என்று முடிவானது.

"கொடுக்கத்தான் போகிறாய் என்றால், எதற்கம்மா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டது கரடி.

"சிறுத்தை என் குட்டியைத் தின்றது. காவல் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்?" என்றது சிலுப்பி. "எங்களைக் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். நாளைக்கும் கேட்காமல் எடுக்க வந்தால், இதே இடத்தில் உட்காருவேன்."

நீதி: கேட்டால் தருவதையும் மிரட்டினால் தர மாட்டார்கள், பயந்து சொன்ன சம்மதம் சம்மதமாகாது.