கடிக்காத நாய்

மேலக்கொன்றையூர் சுகாதார நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பின்னாலேயே மாவட்ட அதிகாரி அம்பலவாணனும் வந்தார்.

"இனிமே நோட்டு கிடையாது. கம்ப்யூட்டர்ல ஏறாத எதுவும் நடக்கவே இல்லைன்னு அர்த்தம். பதிவு ஏறாம ஒரு ஊசி போடக்கூடாது!"

"நெட் இல்லாட்டி, சார்?" என்றாள் நர்ஸ் இருதயமேரி.

"நோயாளி காத்திருக்கட்டும்!"

மிடுக்காக வாசலில் இறங்கியவரின் கெண்டைக்காலை ஒரு நாய் கவ்வியது. அலறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

மேரி காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"நெட் இல்லை சார். உங்களை இன்னும் நாய் கடிக்கல."

"முதல்ல ஊசி, அப்புறம் பதிவு, சிஸ்டர்!"

"அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்" என்று பழைய நோட்டை நீட்டினாள்.

போட்டார். ஊசியும் போட்டாள்.

நெட் சாயங்காலம்தான் வந்தது; நாய்க்கடியும் அப்போதுதான் கம்ப்யூட்டரில் ஏறியது. ஆக, அவர் போட்ட சட்டப்படி பார்த்தால், நாய் கடிக்கும் முன்பே ஊசி போட்டுக்கொண்ட ஒரே ஆள் அம்பலவாணன்தான்.