கேடயத்தில் இருந்த பெயர்

பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குத் தியானம் சொல்லித்தரும் குருவுக்கு நாற்பதுதான். ஆனாலும் சனிக்கிழமை காலையில் தாம்பரத்து அச்சகத்தின் மாடிக்கு வந்து, குருவுக்கு எதிரில் கண்மூடி உட்காராவிட்டால் பொன்னுரங்கத்துக்கு வாரம் ஓடாது.

அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை.

"சாமி, வேலை செய்யறவங்களுக்கு ஊக்கம் எங்கேயிருந்து வருது?"

"என்ன ஆச்சு?"

பல நாடுகளுக்கு மருந்து அனுப்பும் ஒரு நிறுவனத்தில் சென்னைக் கிளைக்குப் பொன்னுரங்கம் தலைவர். நைரோபிக் கிளைக்கு அமீனா என்ற பெண்மணி. மூன்று வருடமாகச் சிறந்த கிளை என்ற பெயர் நைரோபிக்குத்தான்.

"விசாரிச்சுட்டேன் சாமி. போனஸ்கூட என் அளவுக்குக் குடுக்கறதில்ல. எட்டு மணிக்கு வர்றா, மத்தியானம் எல்லாரோடயும் உட்கார்ந்து சோளக்களி சாப்பிடறா. அவ்வளவுதான். அதுக்கே அவ ஆளுங்க லீவு நாள்லகூட வந்து வேலை பார்க்கறாங்க. அவ பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது."

அமீனாவின் சாப்பாடு வரைக்கும் அவருக்கு அத்துப்படி. பொறாமையைப் பொறாமை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு அந்த மாடி ஒன்றுதான் இருந்தது.

"இப்போ என் ஆளே அவகிட்டப் போறேங்கறா." பையிலிருந்து, அமீனா அந்தப் பெண்ணுக்கு எழுதியிருந்த இடமாற்றக் கடிதத்தை எடுத்து வைத்தார். "பர்மாக்காரப் பொண்ணு. பேரு மா. நாலு வருஷமா கப்பல்ல சரக்கு அனுப்பற வேலை பூரா அவ கையிலதான். அவ போனா என் கிளை படுத்துடும். திங்கட்கிழமை நான் இதுக்குச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். போன வருஷம்தான் 'மா'னு பேரைப் பொறிச்சுக் கேடயம் குடுத்தேன். அதை வீட்டுக்குக்கூட எடுத்துட்டுப் போகல சாமி. ஆபீஸ் அலமாரியிலயே கிடக்கு."

குரு டீ ஊற்றிக் கொடுத்தார். "உங்களுக்கு யாராவது கேடயம் குடுத்திருக்காங்களா?"

"ஜெனீவா ஹெட் ஆபீஸ்ல குடுத்தாங்க." பொன்னுரங்கத்தின் முகம் சுருங்கியது. "மேடையில 'மிஸ்டர் ஆதிமூலம்'னு கூப்பிட்டாங்க. அது என் அப்பா பேரு. இனிஷியலை விரிச்சு எழுதச் சொன்னாங்க, எழுதினேன், அதையே பிடிச்சுக்கிட்டாங்க. பதினஞ்சு வருஷமா சொல்லிப் பார்க்கறேன். அப்பா போய்ச் சேர்ந்தே பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இன்னமும் பாராட்டுக் கடிதமெல்லாம் அவருக்குத்தான் வருது. அமீனா பேரை மட்டும் அட்சரசுத்தமா சொல்றாங்க."

குரு சிரிக்கவில்லை. தாளை எடுத்துப் படித்தார்.

"அமீனா எழுதினதுல 'அன்புள்ள நிலார்'னு இருக்கே. நிலார் யாரு?"

"அவளேதான். குடும்பப் பேரா இருக்கும்."

"கேளுங்களேன்."

பொன்னுரங்கம் அங்கிருந்தே போன் போட்டார். குருவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பெண் தமிழிலேயே பேசினாள்.

"மா, ஒரு சந்தேகம். நிலார்ங்கறது உன் குடும்பப் பேரா?"

"எங்க ஊர்ல குடும்பப் பேரே இல்ல சார். நிலார்தான் என் பேரு."

"அப்போ மா?"

"பேருக்கு முன்னாடி மரியாதைக்குப் போடறது சார். உங்க ஊர்ல செல்வின்னு போடறாங்க இல்ல, அது மாதிரி."

"இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"வந்த முதல் வாரமே சொன்னேன் சார். கேடயம் குடுத்த அன்னிக்கும் சொன்னேன்."

பொன்னுரங்கம் போனை வைத்தார். டீயை எடுத்தார், குடிக்காமலே கீழே வைத்தார். கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சம்பளத்தைக் கூட்டிக் குடுத்தா இருந்துடுவாளா, சாமி?"

குரு தாளை மடித்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"எவ்வளவு குடுத்தா நீங்க ஆதிமூலமாவே இருந்துடுவீங்க?"