பிளக்கைப் பிடுங்கிய தவமணியம்மா

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொன்னால் கெட்டுப்போகிற கதை இது.

ஊசிமலை மேலே ஒரு சின்ன மடம். குரு தவமணியம்மா, வயது நாற்பத்திரண்டு. சீடர் பொன்னுரங்கம், டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அய்யா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

மடத்துக்குக் கரண்ட் கம்பி வரவில்லை. சோலார் தகடும் பேட்டரியும்தான். அந்த ஒரே பேட்டரியில் இரண்டு ஓடும். ஒன்று, மலை ஊர்களுக்கெல்லாம் பாம்புக்கடி மருந்து வைத்திருக்கிற குளிர்பெட்டி. இன்னொன்று, ஏட்டுச் சுவடிகளைப் படம் பிடித்து வைத்திருக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டர். சும்மா இருக்கும்போதும் அதன் பிராசசர் முழு வேகத்தில் ஓடிப் பேட்டரியைக் குடித்துவிடும். பொன்னுரங்கம் வந்துதான் அதை அடக்கினார். மெதுவாக ஓடு என்று ஒரு கட்டளை எழுதிப் போட்டார். உள்ளே இருந்த விசிறியின் இரைச்சல் அன்றோடு நின்றது. ஏழு மாதம் ஆயிற்று.

ஒரு நாள் காலை, குருவிடம் வந்து நின்றார்.

"அம்மா, எனக்குத் தீட்சை கொடுக்கணும்."

"என்ன அவசரம்?"

"கோபம் போனப்புறம் கேளுங்கன்னு சொன்னீங்க. ஏழு மாசமா ஒரு சொல் கடுமையாப் பேசலை. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மாதிரி அடங்கிட்டேன்."

"பெட்டி அடங்கிடுச்சா?"

"இனி எப்ப எழுந்தாலும் தானா அடக்கமாத்தான் எழும். எழுதியே வெச்சிருக்கேன்."

தவமணியம்மா எழுந்து போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

திரை கறுத்தது. பொன்னுரங்கத்துக்கு மூச்சே நின்றுவிட்டது. மூவாயிரம் ஏட்டின் படம் அதற்குள் இருக்கிறது.

அம்மா பிளக்கைத் திரும்பச் செருகினார். பெட்டி எழுந்தது. எழுந்ததுமே மாவு மில் மாதிரி இரைந்தது.

"நின்னுடும்," என்றார் பொன்னுரங்கம்.

நிற்கவில்லை.

அவர் உட்கார்ந்து, எழுதி வைத்ததை வரி வரியாகப் பார்த்தார். ஓர் எழுத்துப் பிழை இல்லை. பிறகு முகம் வெளுத்தது.

"என்ன ஆச்சுங்க அய்யா?"

"ரெண்டு வார்த்தை இருக்கும்மா. 'ஸ்டார்ட்'னா, இப்பச் செய். 'எனேபிள்'னா, ஒவ்வொரு தடவை எழும்போதும் செய். நான் முதல் வார்த்தையை மட்டும் அடிச்சிருக்கேன். சத்தம் நின்னதும் எழுந்து போயிட்டேன்."

"ஏழு மாசமாத் தெரியலையா?"

"அணைச்சாத்தானே தெரியும். அணைக்கவே இல்லையே."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மழை மூட்டத்தில் இது ஒரு தரம் அணைந்து எழுந்திருந்தால் போதும், பேட்டரி தீர்ந்து மருந்து கெட்டிருக்கும். கடிபட்டு ஒருத்தன் மலையேறி வந்திருந்தால்? உடனே இரண்டாவது வார்த்தையை அடித்தார். முறையாக அணைத்து, மறுபடி எழுப்பினார். பெட்டி சத்தமில்லாமல் எழுந்தது.

"இப்பச் சரியாயிடுச்சும்மா."

"பெட்டி சரி. உங்களுக்குக் கோபம் எங்கே வரும்?"

"இங்கே எல்லாரும் நல்லவங்க. யார் மேல வரும்?"

"இங்கேன்னு நான் கேக்கலை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி வீட்டுல. அப்பா கட்டின வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்பிப் பிரிச்சுக்கிட்டோம். அந்தச் சுவத்துல என்னைக் கேக்காம ஆணி அடிச்சான். பேச்சு விட்டுப் பதினோரு வருஷம்."

"ஆணிக்கா?"

"என் பக்கம் காரை உதிர்ந்துச்சும்மா." குரல் அப்போதே தடித்திருந்தது.

தவமணியம்மா உள்ளே போனார். தீட்சைத் துணி எடுக்கத்தான் போகிறார் என்று பொன்னுரங்கம் கைகூப்பி நின்றார்.

அம்மா எடுத்து வந்தது பொன்னுரங்கத்தின் பயணப் பை. உள்ளே இரண்டு வேட்டி மடித்து வைத்திருந்தது.

"பதினொன்றரைக்குப் பஸ் இருக்கு. தம்பி வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வாங்க."

"அம்மா, அங்கே போனா நான்..."

அம்மா ஜன்னலோரம் கிடந்த ஒரு நீள ஆணியை எடுத்துத் துடைத்து, பையின் பக்க அறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"தம்பிக்குக் கொடுங்க," என்றார்.